மல்லாட்டைப் பால் பிறந்த கதை

பச்சை மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, செடியோடு பிடுங்கி, மண் உதிர ஒரு தட்டுத் தட்டி, ஓட்டைக் கடித்து உடைத்துப் பருப்பை மென்று பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு பிறகுதான் தெரியும். முதலில் நாக்கில் இறங்குவது பால். இளம் பருப்பாக இருந்தால் லேசான இனிப்புக்கூட இருக்கும். வட ஆர்க்காட்டுப் பக்கம் மல்லாட்டை பிடுங்கும் நாளில் கொல்லை வரப்பில் உட்கார்ந்திருந்த எந்தப் பிள்ளைக்கும் இந்த ருசி தெரியும். அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றியதில்லை.

இன்றைக்குப் பெயரோடு தேடுகிறார்கள். வயிறு உப்புகிறது, குடைகிறது என்று வேலூருக்குப் போய் வைத்தியரைப் பார்த்தால், “ரெண்டு வாரம் பாலை நிறுத்திப் பாருங்க” என்று சொல்லி அனுப்பக்கூடும். சொல்வது சுலபம். காலையில் காப்பி, பதினொரு மணிக்கு டீ, மதியம் மோர், சாயங்காலம் மறுபடி டீ, ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பிரியாணியோடு தயிர் வெங்காயம். இதில் எதை எடுப்பது, எடுத்த இடத்தில் எதை வைப்பது? சூப்பர் மார்க்கெட்டில் பாதாம் பால், ஓட்ஸ் பால், சோயா பால் என்று அட்டைப்பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. விலையைப் பார்த்தால் வயிற்றுவலியே தேவலை என்று தோன்றும்.

வெறுங்கையோடு திரும்புகிற வழியில், மளிகைக் கடை வாசலில், வாய் திறந்த சாக்கில் மல்லாட்டை கிடக்கிறது. அந்தச் சாக்கிலிருந்து பால் எடுக்க முடியும் என்று இந்த நாட்டில் ஒரு காலத்தில் பெரிய மனிதர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். எடுத்தும் காட்டினார்கள். பிறகு நாமே அதை மறந்தோம்.

மணிலாவிலிருந்து குடியாத்தம்

வேர்க்கடலையின் பூர்வீகம் தென் அமெரிக்கா. ஸ்பானியர்கள் அதைப் பசிபிக் கடல் தாண்டி பிலிப்பைன்ஸுக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஊர்த் துறைமுகத்தின் பெயரைச் சுமந்துகொண்டே தமிழ்நாட்டில் அது புழங்கியது: மணிலாக் கொட்டை. வாய்க்கு வாய் தேய்ந்து மல்லாக்கொட்டை ஆயிற்று, இன்னும் தேய்ந்து மல்லாட்டை. 19-ம் நூற்றாண்டில் ஆர்க்காட்டுச் சீமைக் கடலை புதுச்சேரியில் கப்பலேறி பிரான்ஸின் மார்செய் நகரத்துக்கு எண்ணெய்க்கும் சோப்புக்கும் போனது. மழையை நம்பிய செம்மண் காட்டுக்கு அன்று அது காசு தரும் பயிர்.

தோல் பதனிடும் ஊர்களான ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் பக்கத்தில் இருக்கிறது குடியாத்தம். கைத்தறிக்கும் தீப்பெட்டிக்கும் பேர்போன ஊர். கடலைக்கும் பேர்போன ஊர் என்று சொன்னால் அங்கே இருப்பவர்களே ஆச்சரியப்படுவார்கள். படராமல் கொத்தாகக் காய்க்கும் ‘குடியாத்தம் கொத்து’ என்ற நாட்டு ரகத்திலிருந்து நல்ல செடிகளாகத் தேர்ந்தெடுத்து, திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-ல் ஒரு ரகத்தை வெளியிட்டது. டி.எம்.வி. 2 என்று பெயர். சுமார் 105 நாளில் அறுவடைக்கு வரும். ஆந்திரம், கர்நாடகம் என்று எல்லை தாண்டிப் போய்ப் பல பத்தாண்டுகள் லட்சக்கணக்கான ஏக்கரில் நின்றது. தென்னிந்தியா கொறித்த கடலையில் குடியாத்தத்தின் வித்து கலந்திருக்கிறது.

கடலையில் ஏறக்குறைய பாதி எண்ணெய், கால்வாசி புரதம். எண்ணெயைச் செக்கில் ஆட்டி எடுத்துவிடுவோம். புரதம் புண்ணாக்கில் தங்கிவிடும். புண்ணாக்கு யாருக்கு? மாட்டுக்கு. மாடு அதைத் தின்று, தன் உடம்புக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கறவையில் விடும். வட ஆர்க்காட்டில் நாம் குடித்து வளர்ந்த பசும்பாலில் ஒரு பங்கு, மாடு வழியாக வந்த மல்லாட்டைப் பால்தான். மாடு நடுவில் நின்ற தரகர். தோல் மண்டி புழங்கும் ஊர்களில் தரகு என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. தரகரைத் தாண்டி நேரே சரக்கை வாங்கினால் என்ன என்பதுதான் இந்தக் கதையின் கேள்வி.

ஆட்டுப்பாலில் முடிந்த சபதம்

அந்தக் கேள்வியை நாடறியக் கேட்டவர் காந்தி. 1912-ல் தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில், நண்பர் காலன்பாக்கோடு சேர்ந்து பாலை விட்டார். கறவை மாட்டைப் படுத்தும் கொடுமையும் ஒரு காரணம், பால் புலனைத் தூண்டும் என்ற நம்பிக்கையும் ஒரு காரணம். இந்தியாவுக்கு வந்தபின் கேடா மாவட்டத்தில் அலைந்த நாள்களில் அவருடைய முக்கிய ஆகாரம் அரைத்த வேர்க்கடலையும் எலுமிச்சையும். 1918-ல் கடுமையான வயிற்றுக்கடுப்பில் விழுந்தார். பால் குடிக்காமல் உடம்பைத் தேற்ற முடியாது என்றார் வைத்தியர். சபதம் எடுக்கும்போது மனத்தில் இருந்தது பசுவும் எருமையும்தானே, ஆட்டுப்பால் குடிக்கலாமே என்று வழி காட்டினார் கஸ்தூரிபா. குடித்தார், பிழைத்தார். சொல்லைக் காப்பாற்றிப் பொருளைக் கைவிட்டோமே என்ற உறுத்தல் கடைசிவரை இருந்தது. பாலுக்கு ஈடான தாவர உணவு தெரிந்தவர்கள் தனக்குச் சொல்ல வேண்டும் என்று தன் சரிதையிலேயே கேட்டு வைத்தார். 1935-ல் வார்தாவின் மகன்வாடியில் சோயா மொச்சையை வேகவைத்துப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

அதே காலத்தில் உலகத்தின் மறுபக்கத்தில் ஒருவர் கடலையைப் பிழிந்துகொண்டிருந்தார். அடிமையாகப் பிறந்து விஞ்ஞானியான ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், 1921-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் வேர்க்கடலையில் செய்த பண்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அவற்றில் ஒன்று கடலைப்பால். பருத்தி விளைந்து களைத்துப்போன மண்ணில் கறுப்பின விவசாயிகள் கடலை போட்டுப் பிழைக்க வேண்டும் என்பது அவர் கவலை. காந்திக்குக் கொள்கை, கார்வருக்கு மண். இரண்டு பேரும் வந்து நின்ற இடம் ஒரே கொட்டை.

மைசூரில் பிறந்தது, மைசூரில் அடங்கியது

கொள்கையும் கவலையும் பண்டமாவதற்கு ஒரு பஞ்சம் தேவைப்பட்டது. இரண்டாம் உலகப் போர், 1943-ல் வங்கப் பஞ்சம். பால் கிடைக்காத குழந்தைகளுக்கு என்ன கொடுப்பது? பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் உயிர்வேதியியல் துறையை நடத்திய வி. சுப்பிரமணியனின் குழு சோயாவிலிருந்து பால் எடுத்து ஆராய்ந்தது. 1950-ல் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் திறக்கப்பட்டது, அவரே இயக்குநர். சோயா அன்று இந்தியக் காட்டில் அதிகம் இல்லை. கடலை இருந்தது. ஆராய்ச்சி கடலைக்குத் திரும்பியது. கடலைப்பால் வந்தது, கடலைத் தயிர் வந்தது. எண்ணெய் எடுத்த கடலை மாவு 75 பங்கு, வறுத்த கடலைப்பருப்பு மாவு 25 பங்கு சேர்த்து, வைட்டமின்களும் சுண்ணாம்புச் சத்தும் கலந்த ‘பல்நோக்கு உணவு’ வந்தது. தரகருக்குக் கொடுத்துக்கொண்டிருந்ததை மனிதர் தட்டில் நேரே வைக்கும் முயற்சி இது.

இந்தப் பரம்பரையின் கடைசிப் பிள்ளை மில்டோன். கடலைப் புரதத்தைத் தனியாகப் பிரித்து, மாட்டுப்பாலோடு சரிபாதி கலந்து செய்த பால். ‘தாவர டோன்டு பால்’ என்று 1971-ல் மைசூர் விஞ்ஞானிகள் அதை அறிமுகப்படுத்தி எழுதினார்கள். பெங்களூரு பால் பண்ணையில் தயாராகி விற்பனைக்கும் போனது. ஒரு லிட்டர் பாலை இரண்டு லிட்டராக்கும் வித்தை. ஆனால் அது நிலைக்கவில்லை.

மூன்று அடிகள் விழுந்தன. முதல் அடி 1960-லேயே விழுந்தது. இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தது. அந்தப் பூஞ்சையின் நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு. குழந்தைக்குக் கொடுக்கும் கடலைப் பண்டம் ஒவ்வொன்றும் அதன்பின் சோதனைக்கு நிற்க வேண்டியதாயிற்று. இரண்டாவது அடி 1970-ல் வெண்மைப் புரட்சி. ஐரோப்பாவிலிருந்து இனாமாக வந்த பால் பவுடரும் வெண்ணெய் எண்ணெயும், அவற்றை விற்ற காசில் வளர்ந்த கூட்டுறவுச் சங்கங்களும் ஊர் ஊராகப் பாலைக் கொண்டுவந்தன. பாலே பெருகும்போது பாலை நீட்டுகிற வித்தை எதற்கு?

மூன்றாவது அடி கண்ணுக்குத் தெரியாதது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. கடலைப்பால் பிறந்தபோதே அதன் நெற்றியில் ‘ஏழைக்கு’ என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். கஞ்சித்தொட்டியில் ஊற்றுகிற சாமான் அது. நம் ஊரில் பால் என்றால் வெறும் சத்தா? விருந்தாளிக்குப் பால் விட்ட காப்பி, வேலைக்காரருக்குக் கடுங்காப்பி என்று டம்ளருக்குள் சாதியும் வசதியும் கலக்கிக் குடித்த சமூகம் இது. பாலைப் போல வேஷம் கட்டி வந்த ஒன்றைக் கையில் காசு வந்ததும் யார் வைத்துக்கொள்வார்கள்?

வேலூர் குடல் சொன்ன சேதி

மைசூர் பாலை நீட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், வேலூரில் வேறொரு கூட்டம் குடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. 1960-களின் தொடக்கத்தில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் ஸ்புரூ என்ற கழிச்சல் நோய் கொள்ளைபோலப் பரவியது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் எஸ்.ஜே. பேக்கரும் வி.ஐ. மாத்தனும் ஊர் ஊராகப் போய் அதை ஆராய்ந்தார்கள். சிறுகுடல் திசுவைத் துளியளவு கிள்ளி எடுத்து, அதில் சர்க்கரைகளைச் செரிக்கும் நொதிகளை அளந்தார்கள். தென்னிந்தியர், அமெரிக்கர் இரு தரப்பார் குடலையும் ஒப்பிட்ட அவர்களுடைய ஆய்வு 1970-ல் வெளிவந்தது. பால் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி, நோயில்லாத தென்னிந்தியப் பெரியவர்களிடமே தாழ்ந்திருந்தது.

இது கோளாறு அல்ல, பிறவி இயல்பு. தாய்ப்பால் குடிக்கும் வயதில் நொதி நிறைய இருக்கும். வளர வளரக் குறையும். வளர்ந்தபின்னும் அது குறையாத மனிதர்கள்தான் உலகத்தில் சிறுபான்மை. 2010-ல் வெளியான ஓர் ஆய்வு லக்னோ, பெங்களூரு மக்களைச் சோதித்தது. வடக்கே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு லாக்டோஸ் முழுதாகச் செரிக்கவில்லை. தெற்கே பத்தில் ஒன்பது பேருக்குக் கிட்ட. எருமைகளின் சீமையைவிடக் கூழின் சீமையில் நொதி குறைவு என்பதில் வியப்பில்லை.

அதற்காக நாளைக்கே பால்காரரை நிறுத்த வேண்டியதில்லை. சோதனைக்குக் கொடுக்கும் லாக்டோஸ், அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் பாலில் இருக்கும் அளவு. ஒரு டம்ளர் பாலில், 200 மில்லியில், சுமார் 10 கிராம்தான். நொதி குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம்வரை தாங்குவார்கள். டீயில் விடும் பாலில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். தயிரில் சர்க்கரையின் ஒரு பகுதி புளிப்பாக மாறிவிடுவதால் தொல்லை இன்னும் குறைவு. நெய்யில் லாக்டோஸ் அநேகமாக இல்லை. பழைய ஆட்கள் பாலைக் குடிப்பதைவிட மோராக்கிக் குடித்ததில் இந்தக் கணக்கு இருந்திருக்கிறது. ஆனால் பால் புரதமே ஒவ்வாதவர்கள் வேறு. அவர்களுக்குத் தயிர், மோர், நெய் எதுவும் கூடாது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டியவர் வைத்தியர்.

மாற்று என்றால் என்ன என்று தெரிந்த ஊர்கள்

பால் வேண்டாம் என்போரில் ஒரு கூட்டம் மாட்டுக்காக இரங்கிப் பாலை விடுகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று மாட்டுத் தோலிலும் ஆட்டுத் தோலிலும் உலை கொதிக்கும் ஊர்களில் அந்தப் பேச்சு அவ்வளவு சுலபமாக எடுபடாது. ஆனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைத்தால் என்ன நடக்கும் என்பதை இந்த ஊர்கள் போல அறிந்தவை குறைவு.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோலைப் பதம் செய்தார்கள். ஆவாரைக்குப் பதில் ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. பட்டைக்குப் பதில் குரோம் வந்தது. வாரக்கணக்கில் ஊறிய தோல் நாள் கணக்கில் முடிந்தது. அதற்கான விலை பாலாற்றில் ஏறியது. பெயரில் மட்டும் பால் ஓடும் அந்த ஆற்றையும் கிணறுகளையும் பற்றித்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை இந்தியச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. பாலும் இந்தத் தொழிலுக்குள் புகுந்ததுண்டு. பாலைத் திரித்து எடுக்கும் கேசின் என்ற புரதத்தைப் பூசித்தான் ஆட்டுத்தோலுக்குக் கண்ணாடி மெருகு ஏற்றினார்கள். பிறகு அக்ரிலிக் வந்தது, பாலியூரித்தேன் வந்தது. வேலை நடக்கிறது, மெருகின் குணம் வேறு.

ஆகவே தோல் ஊர்க்காரரிடம் மாற்று ஒன்றைக் காட்டினால் அவர் கேட்க வேண்டிய கேள்வி தயாராக இருக்கிறது: எது கிடைக்கிறது, எது போகிறது? மல்லாட்டைப் பாலில் புரதம் கிடைக்கும், நல்ல கொழுப்பு கிடைக்கும். பாலின் சுண்ணாம்புச் சத்து போய்விடும், பி-12 வைட்டமின் போய்விடும். அந்தச் சுண்ணாம்பைக் கேழ்வரகு ஈடுகட்டும். 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, காய்ச்சிக் குழந்தைகளுக்கு ஊட்டிய கேழ்வரகுப் பாலை நம் பாட்டிகள் எந்த ஆராய்ச்சியையும் கேட்டுச் செய்யவில்லை. பி-12-க்கு மாத்திரையோ, சத்தேற்றிய உணவோதான். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலின் இடத்தில் இந்தப் பால் எதையும் வைக்கக் கூடாது. கடலை ஒவ்வாதவர்கள் பக்கமே வரக் கூடாது.

அடுப்படியில்

செய்முறைக்கு மைசூர் போக வேண்டாம். முதல் வேலை பொறுக்குவது: கறுத்தது, சுருங்கியது, பூஞ்சை வாடை அடிப்பது எல்லாம் வெளியே. 1960-ன் வான்கோழிகளை நினைத்துக்கொண்டு பொறுக்கினால் கண் தவறாது. ஒரு கப் பச்சைக் கடலையை இரவு ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கொதிநீரில் ஒரு முறை முக்கி எடுத்துத் தோலைக் கசக்கிவிட வேண்டும். பச்சை வாடையில் பாதி அதோடு போகும். டீக்கு என்றால் ஆறு கப் தண்ணீர், தயிருக்கு என்றால் மூன்று கப். நைசாக அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து, அடிப்பிடிக்காமல் கிளறிக் காய்ச்ச வேண்டும். ஏலக்காயோ சுக்கோ தட்டிப் போட்டால் மிச்ச வாடையும் அடங்கும். சக்கை துவையலுக்கு ஆகும். வீட்டில் மாடு இருந்தால் தரகருக்கும் ஒரு பங்கு.

டீத்தூளோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடக் கூடும். டிகாஷன் தனியே, பால் தனியே சூடாக்கி, கடைசியில் ஊற்ற வேண்டும். உறை குத்தப் பழைய தயிர் வேண்டாம் என்றால் வெதுவெதுப்பான பாலில் ஏழெட்டு மிளகாய்க் காம்பைப் போட்டு வைக்கலாம். காம்பில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிரே புளிக்கவைக்கும். முதல் தயிர் கொஞ்சம் முரட்டு வாடை அடிக்கும். அதை உறைக்கு வைத்துக்கொண்டால் இரண்டாம் தயிர் படியும். பிரியாணிக்குக் கறி ஊறவைக்க இது போதும். பிரியாணியோடு வரும் புளிக் கத்திரிக்காய்க்குப் பால் பிரச்சினையே கிடையாது. ஆர்க்காடு மக்கன் பேடாவுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. கோவா இல்லாமல் செய்தால் அது வேறு பலகாரம்.

இட்லி, களி, கூழ், ரசம், சுக்குமல்லிக் காப்பி, எலுமிச்சை பிழிந்த சுலைமானி, தேங்காய்ப்பால் விட்ட நோன்புக் கஞ்சி: இவற்றை யாரும் ‘பாலில்லாத உணவு’ என்று அழைத்ததில்லை. எதன் இடத்தையும் பிடிக்க வராததால் இவை இன்றும் பிழைத்திருக்கின்றன. மில்டோன் பாலாக நடிக்க வந்தது. நிஜப் பால் பாக்கெட்டில் வந்ததும் மேடையை விட்டு இறங்கியது.

2021-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், தாவரத்திலிருந்து எடுக்கும் பானங்களின் அட்டையில் ‘மில்க்’ என்று போடக் கூடாது என்று கண்டிப்பாக உத்தரவிட்டது. பால் என்றால் கறந்த பால். ஆனால் விதியிலேயே ஒரு விலக்கு இருக்கிறது: தேங்காய்ப்பால் அப்படியே தேங்காய்ப்பாலாக இருக்கலாம், ஏனென்றால் நெடுங்காலமாக அப்படித்தான் வழங்குகிறது. தமிழுக்கு இந்தச் சட்டச் சிக்கல் எப்போதும் இருந்ததில்லை. கள்ளியிலும் எருக்கிலும் வடிவது பால், நெற்கதிரில் பிடிப்பது பால், ரப்பர் மரத்தில் இறங்குவதும் பால். மாட்டின் பெயரில் மட்டும் நாம் அந்தச் சொல்லுக்குப் பட்டா எழுதவில்லை.

சட்டம் தேங்காய்க்குக் கொடுத்த சலுகை, உண்மையில் கோடிக்கணக்கான அடுப்படிகளின் பழக்கத்துக்குக் கொடுத்த சலுகை. அங்கே தேங்காய் அரைத்துப் பிழிந்தவர்கள், பசுவின் இடத்தை நிரப்புகிறோம் என்று எண்ணிப் பிழியவில்லை. சொதிக்கும் ஆப்பத்துக்கும் பாயசத்துக்கும் அதுதான் வேண்டியிருந்தது. மல்லாட்டைப் பால் இதுவரை பஞ்சத்துக்குப் பிறந்தது, பத்தியத்துக்குப் பிறந்தது. குடியாத்தத்திலோ ஆம்பூரிலோ ஒரு வீட்டில், யாருக்கும் வயிறு வலிக்காத ஒரு நாளில், ருசிக்காக அதைக் காய்ச்சிக் குடிக்கும்போதுதான் அது முழுதாகப் பிறக்கும்.